கஞ்சி போட்ட நூல்

பையை ஜமக்காளத்தின் நடுவில் வைத்திருந்தார்கள். நான் தைத்த பை. அடித்தையல் ஒரு முழ நீளத்துக்கு விட்டுப்போய், வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

ஜமக்காளத்துக்கு அந்தப் பக்கம் முதலாளி. எங்கள் தெருத் தறிகளில் பாதி அவர் கொடுத்த பட்டில்தான் ஓடின. இந்தப் பக்கம், தூணை ஒட்டி ஏழுமலை. முதலாளியின் புடவைகளைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, வெளியூர்க் கடைகளில் காட்டி விற்றுவருகிறவர். இருவருக்கும் நடுவில், ஒரு முக்காலியில் நான். தரையில் உட்கார்ந்தால் என்னைத் தூக்கிவிட இன்னொரு ஆள் வேண்டும் என்பதால் அந்த வீட்டில் எனக்கு மட்டும் முக்காலி உண்டு. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் என் இடது காலை எடுத்துக்கொண்டு இந்த மரியாதையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது.

"பத்மா, நீ தச்ச பை. நீயே சொல்லு," என்றார் முதலாளி. "இது தானா வுட்டுச்சா, இல்ல பிளேடு போட்டு அறுத்ததா?"

முதல் நாள் காலையில் ஏழுமலை பன்னிரண்டு புடவைகளோடு வந்தவாசி பஸ்ஸில் ஏறியிருக்கிறார். முகூர்த்த நாள். நிற்கவே இடமில்லாத பஸ்ஸில் பையை மடியில் வைக்க எங்கே இடம்? கண்டக்டர் மேலே கேரியரில் போடச் சொல்லிவிட்டார். வந்தவாசியில் இறங்கி, ஏணியில் ஏறிப் பார்த்தால் பை பிளந்து கிடக்கிறது. பத்துப் புடவை இருந்தது. இரண்டைக் காணோம். வந்த வழியே திரும்பி நடந்து, சாலையோரத்து ஆட்களை எல்லாம் கேட்டு, சாயங்காலம் வரை தேடியிருக்கிறார். கிடைக்கவில்லை.

முதலாளி அதை நம்பவில்லை. வருஷம்கூட ஆகாத கான்வாஸ் பை எப்படித் தானாகப் பிளக்கும்? இவனே அறுத்துவிட்டு, இரண்டை எங்கேயோ தள்ளிவிட்டு, வந்து கதை சொல்கிறான் என்பது அவர் கட்சி.

"எங்க ஊட்டுக் கொயந்த மேல சத்தியமா நா ஒண்ணும் பண்லீங்க," என்றார் ஏழுமலை. முந்தின நாளிலிருந்தே இதைச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரல்.

"நீ சொம்மா இரு. தச்சவ சொல்லட்டும். அவ சொல்றத வச்சிதான் ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கறதா வேணாமான்னு பாக்கணும்."

பையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். விட்டுப்போன தையலின் மேல் விரலை ஓட்டினேன். கான்வாஸில் ஒரு கீறல்கூட இல்லை. பிளேடு போட்டிருந்தால் துணியிலும் கோடு விழுந்திருக்கும். நூல் முனைகள் வெட்டுப்பட்ட மாதிரி நறுக்கென்று இல்லை. பிசிறு பிசிறாக, மென்று துப்பியது போல இருந்தன. யாரும் பார்க்காதபடி மூக்கருகே கொண்டுபோனேன். எலி மூத்திர வாடை.

ஏழுமலை அறுக்கவில்லை. எலி கடித்திருக்கிறது; மிச்சமிருந்த நூல் பஸ் குலுக்கலில் விட்டிருக்கிறது. அதோடு இன்னொன்றும் அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று: எலி ஏன் துணியை விட்டுவிட்டு நூலை மட்டும் தின்றது என்பது. குற்றம் என்னுடையது. அதைச் சொன்னால் பை தைக்கிற பிழைப்பு எனக்கு அன்றோடு சரி.

"வூட்டுக்கு எடுத்துகினு போயி, நல்ல வெளிச்சத்துல பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன் மொதலாளி," என்றேன்.

அப்போது காலை பத்து மணி. முற்றத்து வெயில் கூடம் முழுக்க அடித்துக்கொண்டிருந்தது. ஊசி விழுந்திருந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே பொறுக்கியிருக்கலாம்.

ஏழுமலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என் ஊன்றுகட்டையைப் பிடித்து எழுந்துவிட்டேன்.

தறிக்கு இரண்டு கால் வேண்டும்

எங்கள் வீட்டுக்குக் கையால் சுற்றுகிற தையல் மெஷின் வந்த கதையை இந்தத் தொடரில் போன வாரம் எழுதியிருந்தேன். இந்த வாரம்தான் என்னைப் படிக்கிறவர்களுக்காக அதில் கொஞ்சம்.

ஆரணியில் நெசவுக்காரர் வீட்டில் பிறந்த பெண் தறியில் உட்காருவாள். எங்களுடையது குழித்தறி. குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு, இரண்டு மிதிகளையும் மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். என்னிடம் ஒரு மிதிக்குத்தான் கால் இருந்தது. அதனால் ராட்டினத்தில் தார் சுற்ற வைத்தார்கள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போகிற சின்னக் குச்சியில் ஊடு நூலைச் சுற்றிக் கொடுக்கிற வேலை. கண் மங்கியவர்களும் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளும் செய்வது. நான் பதினைந்து வருஷம் செய்தேன். "பத்மா சுத்தின தார்னா சிக்கே வுழாது" என்று தெருவில் பாராட்டுவார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எழுபதுகளின் நடுவில் ஒரு டெய்லர் கால் மெஷினுக்கு மாறியபோது, அவருடைய பழைய கை மெஷினை அப்பா வாங்கி வந்தார். பிளவுஸ் தை என்றார்கள் எல்லோரும். மாட்டேன் என்றேன். பிளவுஸ் தைத்தால் ஊரிலிருக்கிற அத்தனை தோள்பட்டையும் என்னிடம் சண்டைக்கு வரும். இங்கே பிடிக்கிறது, அங்கே தொங்குகிறது என்று. பை அப்படியில்லை, பேசாது. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அதோடு, ஊரில் நல்ல பை இல்லாத குறை எனக்குத் தெரியும். அந்நாளில் பட்டுப்புடவைகளைப் பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டித்தான் பஸ்ஸில் கொண்டுபோவார்கள். அப்பா ஒருமுறை மழையில் மாட்டிக்கொண்டு, மூட்டையைச் சட்டைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு, கர்ப்பிணி மாதிரி வந்து சேர்ந்தார். நாங்கள் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. ஒரு முந்தானையில் சாயம் இறங்கியிருந்தது.

மிலிட்டரிப் பை

எனக்குப் பை தைக்க யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு பையைப் பிரித்துத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் பக்கத்தில் ஊருக்கு நாலு வீட்டிலாவது பட்டாளத்துக்காரர் இருப்பார். அடுத்த தெருவில் ரிடையராகி வந்திருந்த ஒருவர், பனியிலும் மணலிலும் பதினெட்டு வருஷம் தன்னோடு உருண்ட பையில் வேர்க்கடலை கொட்டி வைத்திருந்தார். பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிவந்தேன். மத்தியானத்துக்குள் முழுசாகப் பிரித்துப் பாயில் பரப்பிவிட்டேன்.

"அடிப் பாவி! உசுரோட இருந்த பைய போஸ்ட்மார்ட்டம் பண்ணிட்டியே!" என்று தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார் மனிதர். நாலாம் நாள் திருப்பித் தைத்துக் கொடுத்தேன். இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, கடலையைத் திரும்பக் கொட்டிக்கொண்டார்.

அந்த நாலு நாளில் தெரிந்துகொண்டதை வைத்துத்தான் இன்றுவரை தைக்கிறேன். கான்வாஸின் அறுத்த ஓரம் எங்குமே வெளியே தெரியவில்லை. இரண்டு மடிப்பாக உள்ளே மடித்து, மேலே இரட்டைத் தையல் ஓடியிருந்தது. கைப்பிடி நாடா பையின் வாயோடு நிற்கவில்லை. வயிற்றைச் சுற்றி அடிப்பக்கம் வரை போய் மறுபக்கம் ஏறியது. அதனால் பாரம் துணியில் இறங்காமல் நாடாவில் இறங்கும். நாடா சேருகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு கட்டம் தைத்து, அதற்குள் குறுக்கும் நெடுக்குமாக ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். அந்தப் பெருக்கல் குறியைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது என்றால் நம்ப மாட்டீர்கள். யாரோ எங்கேயோ ஒருவர், பார்க்கவே போகாத ஒரு சிப்பாயின் தோளுக்காக அத்தனை அக்கறை எடுத்திருந்தார்.

இன்னொன்றும் பார்த்தேன். பிரித்த நூலை விரலுக்கு நடுவில் இழுத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது. மெழுகு. நூலுக்கு மெழுகு பூசித்தான் தைத்திருந்தார்கள். அதை நான் பார்த்தேன், புரிந்துகொண்டேன், வேண்டாம் என்று ஒதுக்கினேன்.

புடவையின் பக்கத்திலிருந்து

முதலாளி எட்டுப் பை கேட்டார். இவை நன்றாக உழைத்தால் ஊரிலுள்ள மற்ற முதலாளிகளும் என்னிடமே வாங்குவார்கள் என்றார். வாங்கினால் எனக்கு வருஷம் முழுக்க வேலை. ராட்டினத்தைத் தொட வேண்டியதே இல்லை.

கான்வாஸுக்குக் களம்பூர் போனேன். ரைஸ் மில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிற ஒருவர் அங்கே மில் வாசலில் கடை போட்டிருந்தார். அவரிடம் கெட்டியான துண்டுகளை நானே தேர்ந்தெடுத்தேன். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒளி ஊடுருவுகிற துண்டை எல்லாம் ஒதுக்கிவிட்டேன். "இன்னாம்மா, பொண்ணு பாக்கற மாதிரி பாக்கறியே, ஜல்தியா எடு," என்று அவர் பேஜாரானார். கைப்பிடிக்குக் கட்டிலுக்குப் பின்னுகிற நாடா. அடிப்பக்கம் உட்கார பஸ் சீட் தைக்கிறவரிடம் வாங்கிய ரெக்சின்.

மிச்சத்தையெல்லாம் ஒரு புடவை கேட்டிருந்தால் என்ன கேட்டிருக்கும் என்று யோசித்து முடிவு செய்தேன். ஜிப் வேண்டாம்; அதன் பல்லில் ஜரிகை மாட்டும். மேலே மூடி வைத்து பக்கிள் போட்டேன். இரும்பு ரிவிட் வேண்டாம், துரு இறங்கும். பித்தளை வாங்கினேன். கான்வாஸ் உரசாமலிருக்க உள்ளே மல் துணி கொடுத்தேன். அதே யோசனையில்தான் மெழுகையும் தள்ளினேன். வெயில் காலத்தில் பஸ்ஸுக்குள் மெழுகு இளகி ஒரு சொட்டு பட்டில் பட்டால் போச்சு. எண்ணெய், மெழுகு என்றாலே பட்டுக்காரர் வீட்டில் எல்லோருக்கும் மேல் கூசும்.

மெழுகு இல்லாவிட்டால் பருத்தி நூல் கான்வாஸுக்குள் முறுக்கி முறுக்கி அறுந்தது. அதற்கு எங்கள் தெருவிலேயே மருந்து இருந்தது. காலையில் பாவை, அதாவது புடவையின் நீள இழைகளை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, வெயிலில் காயவைப்பார்கள். கஞ்சி குடித்த இழை விறைத்து, வழவழப்பாகி, தறியில் அறாமல் ஓடும். பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறேன். நூலுக்கு பலம் என்றால் எங்களுக்குக் கஞ்சிதான். நல்ல அரிசியாகப் பார்த்து வடித்து, தையல் நூலை அதில் ஊறவைத்து, கம்பில் சுற்றிக் காயவைத்தேன். ஊசிக்குள் சர்ரென்று ஓடியது. எனக்கு ஒரே பெருமை. மிலிட்டரிக்காரனுக்குத் தெரியாததை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று அப்பாவிடம் சொன்னேன்.

ஏழு பையும் எட்டாவதில் முக்காலும் முடிகிற நேரத்தில் அந்த நூல் தீர்ந்துபோயிற்று. எட்டாவது பையின் கைப்பிடிகளை மட்டும் வீட்டிலிருந்த நைலான் நூலில் தைத்தேன். நைலானில் கஞ்சி ஏறாது. அப்படியே தைத்துக் கொடுத்துவிட்டேன்.

தறியில் ஏறிய பாவு சில வாரங்களில் புடவையாகி இறங்கிவிடும். அதுவரை வீட்டுப் பூனை காவல் இருக்கும். என் பைகளோ முதலாளியின் பின்கட்டு அறையில் ஆணியில் தொங்கின. ஆடியில் கொடுத்த பைகள். தை பிறந்ததும் பெரணமல்லூர்ப் பக்கத்து நிலத்திலிருந்து அவருடைய நெல் மூட்டைகள் அதே அறைக்கு வந்து சேர்ந்தன. மூட்டைகளோடு எலிகளும் வந்தன. பையை நான் புடவையின் பக்கத்திலிருந்து மட்டுமே பார்த்திருந்தேன். எலியின் பக்கத்திலிருந்து ஒருநாளும் பார்க்கவில்லை.

அம்மா சொன்ன வழி

ஏழுமலையின் பையை வீட்டுக்குக் கொண்டுவந்து பாயில் போட்டேன். அதுதான் அந்த எட்டாவது பை. அடித்தையல் முழுக்கப் போயிருந்தது. நைலானில் தைத்த கைப்பிடிகளில் ஒரு இழைகூட அசையவில்லை. இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அப்பா பார்த்துவிட்டுத் தறிக்குள் இறங்கிவிட்டார். அம்மாதான் பேசினாள்.

"தெரியலன்னு சொல்லிடுடி. அது பொய்யுமில்ல, மெய்யுமில்ல."

"தெரியுமேம்மா."

"தெரிஞ்சா? ஒன் வாயாலயே ஒன் பொயப்புல மண்ணப் போட்டுக்குவியா? எங்களுக்கு அப்பால ஒன்ன யாரு பாப்பா? இந்த மிஷினு ஒண்ணுதான் ஒனக்கு. அந்த ஏழுமலை எப்டியாச்சும் பொயச்சிக்குவான். அவனுக்கு ரெண்டு காலு கீது."

அம்மா கெட்டவள் இல்லை. என்மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னாள். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்தக் காலைக் காட்டி யாரும் எனக்கு எதையும் சும்மா தரக்கூடாது என்றுதான் ராட்டினத்தை விட்டு வந்தேன். இப்போது அதே காலைக் காட்டி இன்னொருவர் பெயரைக் கெடுக்கலாம் என்கிறாள். காலையில் முதலாளி வீட்டில் 'வெளிச்சம்' என்று சொன்ன வாயை எனக்கே அறையலாம்போல் இருந்தது.

"நாளைக்குப் போயி சொல்லிடுவேன்," என்றேன்.

"சொல்லிட்டு?"

"சொல்லிட்டு எட்டையும் பிரிச்சுத் திரும்பத் தைப்பேன்."

"யாரு குடுப்பா ஒன் கையில?"

அம்மா அன்று என்னோடு பேசவில்லை. சாதத்தை மட்டும் கொஞ்சம் அதிகமாகப் போட்டாள்.

ஆணியில் தொங்கிய ஐந்து

மறுநாள் விடிந்ததும் கிளம்பினேன். தெருவில் பாவு கட்டிக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். ஈரக் கஞ்சியின் வாசனை தெருமுனை வரை கூடவே வந்தது. வாழ்நாளில் முதல்முறையாக அது எனக்குச் சோற்று வாசனையாகத் தெரிந்தது. இது சோறுதானே, எலிக்கு மட்டும் வேறென்னவாகத் தெரியும்?

ஏழுமலை எனக்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது. உள்ளே போனதும் முக்காலியைப் போட்டார்கள். நான் உட்காரவில்லை.

"மொதலாளி, பின்கட்டுல மாட்டியிருக்கற பைங்கள வெளிய கொண்டாரச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"கொண்டாரச் சொல்லுங்க, சொல்றேன்."

மற்ற ஆட்கள் எடுத்துப்போயிருந்த இரண்டு போக, ஐந்து பைகள் இருந்தன. முற்றத்து வெயிலில் அவற்றைக் கவிழ்த்து வைத்தேன். மூன்றின் அடித்தையலில் அங்கங்கே நூலைக் காணோம். ஒன்றை உதறினேன். கறுப்பு அரிசி மாதிரி எலிப் புழுக்கை முற்றத்துத் தரையில் விழுந்தது.

முதலாளி குனிந்து பார்த்தார். ஏழுமலையின் பையைப் பக்கத்தில் வைத்து, மென்ற முனைகளையும் கீறல் இல்லாத துணியையும் அசையாத கைப்பிடியையும் காட்டினேன். நூலுக்குக் கஞ்சி போட்டதைச் சொன்னேன். ஏன் போட்டேன் என்பதையும் சொன்னேன்.

"பிளேடு படல. யாரும் அறுக்கல. எலி தின்னுருக்குது. தின்ன வச்சது நான்."

முதலாளி நிமிர்ந்து கேட்டார்: "இது நேத்தே ஒனக்குத் தெரியுமா?"

இல்லை, வீட்டுக்குப் போய்ப் பார்த்தபிறகுதான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

"நேத்தே தெரியும். விரல் வச்சதுமே தெரியும்."

முதலாளி கத்தினார். நியாயமாகவே கத்தினார். வேலூரில் பை தைக்கிற கடை இல்லையா, பாவமே என்று உன்னிடம் கொடுத்தேன் பார் என்றார். அந்தப் 'பாவமே' என்ற சொல்லுக்கு எனக்கும் கோபம் வந்துவிட்டது.

"பாவம்னு குடுத்திருந்தா இனிமே குடுக்காதீங்க மொதலாளி. ஆனா இந்த எட்டும் நான் தச்சது. இத நானே பிரிச்சு நானே தைக்கணும். அதுவரைக்கும் இதுல ஒரு புடவையக்கூட ரோட்டுக்கு அனுப்பாதீங்க. வெளிய போயிருக்கற ரெண்டையும் திருப்பிக் கூப்புடுங்க. அப்பால நீங்க யாருகிட்டனாச்சும் தச்சிக்குங்க."

அவர் என்னைப் பார்த்தார், பைகளைப் பார்த்தார். கடைசியில் தூணருகே நின்ற ஏழுமலையைப் பார்த்தார். தப்பாகச் சந்தேகப்பட்டுவிட்ட கூச்சமோ என்னவோ, தீர்ப்பைத் தூக்கி அவரிடம் கொடுத்துவிட்டார்.

"ஒண்ணே ஒண்ண தச்சிக் காட்டு. தூக்கிகினு போறவன் இவன். இவன் சரின்னா மத்தத குடுக்கறேன். இவன் வேணாம்னா அத்தோட வுட்டுடு."

காணாமல் போன இரண்டு புடவைகளையும் பிற்பாடு அப்பா நெய்து கொடுத்தார். அதற்காக வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நின்றுகொண்டே இருந்தவர்

ஏழுமலை பையை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். எங்கள் வீட்டு வாசல் வந்ததும்தான் வாயைத் திறந்தார்.

"நேத்து பத்து மணிக்கே ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"பத்து மணிக்கே சொல்லியிருந்தீங்கன்னா நா பேசாம ஊட்டுக்குப் போயிருப்பேன். எங்க தலமொறையில மாசச் சம்பளம் வாங்கனவன் நா ஒருத்தன்தான். ஸ்டேஷனு கேசுன்னு ஊருக்குள்ள தெரிஞ்சு, ஒருத்தன் என் பொண்டாட்டியப் பாத்து, 'பட்டு என்னிக்குக் கட்டப் போற'ன்னு கேட்டுட்டான். எல்லாருக்கும் முன்னால. இதுக்கு இன்னா தையலுங்க போடுவீங்க?"

கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அது அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்று இருவருக்குமே தெரிந்தது.

"உக்காருங்க ஏழுமலை. மத்தியானம் ஆவும்."

"உக்காரல. தையுங்க. நா நின்னுகினே இருக்கேன்."

அம்மா மோர் கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை.

பழைய தையல் முழுவதையும் பிரித்தேன். கஞ்சி நூலின் துணுக்கு ஒன்றுகூட இல்லாமல் ஊசி முனையால் நோண்டி எடுத்தேன். துணியை வெந்நீரில் கசக்கி வெயிலில் போட்டேன். காய்ந்ததும் நைலான் நூலில் மெழுகைத் தேய்த்து, பிசுபிசுப்புப் போக மூன்று முறை துணியால் வழித்தேன். ஓரத்தை இரண்டு மடிப்பாக மடித்தேன். கை மெஷினில் ஒரு வசதி உண்டு. சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால் ஒவ்வொரு குத்தாகப் போடலாம். ஒவ்வொரு குத்தாகவே போட்டேன். ஊசி நாலு மடிப்புக்குள் இறங்கும்போதெல்லாம் 'டக்' என்றது. இரட்டைத் தையல் முடிந்ததும் வெளியே நூல் தெரியாதபடி மேலே ரெக்சின் பட்டை வைத்து மூடினேன். உள்ளே தையல் பட்டில் படாதபடி மல் துணியை இரட்டையாகக் கொடுத்தேன். மெஷினுக்குள் போகாத மூலைகளைக் குத்தூசி போட்டுக் கையால் இழுத்தேன். வலது கை விரலில் நூல் அறுத்து ரத்தம் வந்தது. துணியில் படாமல் பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.

என் தலைக்கு மேலே அவர் நின்றுகொண்டே இருந்தார். ஒரு குத்தைக்கூட விடாமல் பார்த்தார்.

முடிந்தபோது உச்சி வெயில். பையை நீட்டினேன்.

அவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு தரையில் போட்டு, ஒரு பக்கத்தை வலது காலால் அழுத்தி மிதித்துக்கொண்டு, மறுபக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். முந்தாநாள் வந்தவாசி ரோட்டில் தேடி நடந்ததையும், தூணருகே உட்கார்ந்ததையும், அந்த ஊர்க்காரன் கேட்டதையும், எல்லாவற்றையும் சேர்த்து இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, பிடியை மாற்றி மாற்றி, மூலைக்கு மூலை இழுத்தார். கான்வாஸ் முனகியது. அம்மா சமையலறை வாசலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். தறிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்த சத்தமும் நின்றுவிட்டது.

அவருக்கு மூச்சு வாங்கியது. விட்டுவிட்டு நிமிர்ந்தார். குனிந்து, விரலால் தையலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிப் பார்த்தார்.

பிறகு மோர்ச் செம்பை எடுத்து நின்றபடியே குடித்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"மத்த ஏழு பையையும் கொண்டாந்து போடறேன்," என்றார் ஏழுமலை. "பிரிச்சு வையுங்க."